எலி தின்றது போக

நியூயார்க் நகருக்கு வடக்கே, வெஸ்ட்செஸ்டர் மாவட்டத்தில் கடோனா என்றொரு சிற்றூர். அங்குள்ள தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்புக்குப் பாடம் எடுத்துவந்த மேபல் அடிஸ் என்ற ஆசிரியை, 1960களின் தொடக்கத்தில் யாரும் அதுவரை செய்திராத வேலை ஒன்றில் இறங்கினார். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய நகரம் ஒன்றின் அரசனாக ஒரு பள்ளிப் பிள்ளையை உட்காரவைக்க வேண்டும். இந்த ஆண்டு விளைந்ததில் மக்களுக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, இருப்புக்கு எவ்வளவு என்று கணினி அந்தப் பிள்ளையைக் கேட்க வேண்டும். பதிலுக்கேற்ப அடுத்த ஆண்டு நல்லதாகவோ கெட்டதாகவோ விடியும்.

அந்தக் கேள்விக்கு இப்போது அறுபது வயது தாண்டிவிட்டது. எத்தனையோ பேர் கைமாறி, நாடு மாறி, கணினி மொழி மாறி, பெயரும் மாறி இன்னும் கேட்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் அது எதையோ இழந்தது, எதையோ சேர்த்துக்கொண்டது. போரை நடுவில் வைக்காமல் வரலாற்றை ஆடிப் பார்க்கும் விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் மூத்தது அதுதான் என்பதால் அதன் வழித்தடத்தைத் தெரிந்துகொள்வது முக்கியம் என்று நினைக்கிறேன்.

தொடக்கம் ஒரு பட்டறை. 1962இல் வெஸ்ட்செஸ்டர் பள்ளிகளுக்கான கூட்டுக் கல்விச் சேவை வாரியமும் ஐபிஎம் நிறுவனமும் சேர்ந்து அதை நடத்தின. பாடம் நடத்தக் கணினி உதவுமா என்று பார்ப்பது நோக்கம். ஐபிஎம்மைச் சேர்ந்த புரூஸ் மான்கிரீஃபின் மனத்தில் இரண்டு எண்ணங்கள் இருந்தன. மோனோபாலி போன்ற பலகை விளையாட்டைக் கொண்டு பொருளாதாரம் சொல்லித்தரலாம் என்பது ஒன்று. அமெரிக்கப் பள்ளிகள் கிரேக்கத்துக்கு முந்தைய நாகரிகங்களைக் கண்டுகொள்வதில்லை, அந்தக் குறையைத் தீர்க்க வேண்டும் என்பது மற்றொன்று. களம் சுமேரியா ஆனது இப்படித்தான். அரசின் கல்வி அலுவலகம் மானியம் தந்தது. கல்லூரியில் பண்டைய வரலாறும் உளவியலும் படித்திருந்த அடிஸ் விளையாட்டை வடிவமைத்து எழுதினார். ஐபிஎம்மின் வில்லியம் மெக்கே நிரல் எழுதினார். 1964இல் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 30 பேர் அதை ஆடினார்கள். பெயர், ‘தி சுமேரியன் கேம்’.

திரை என்று எதுவும் அதில் கிடையாது. தட்டச்சுப்பொறி போன்ற ஐபிஎம் 1050 முனையம் காகிதத்தில் வரிவரியாக அடித்துக்கொடுக்கும். கணக்கைப் போடுவது வேறிடத்தில் இருந்த 7090 பெருங்கணினி. ஆடும் பிள்ளை, கி.மு. 3500 வாக்கில் லகாஷ் நகரத்தை ஆளும் முதலாம் லுடுகா. அரண்மனைக் காரியக்காரர் வந்து மக்கள்தொகை, விளைச்சல், களஞ்சிய இருப்பு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு உத்தரவுக்குக் காத்திருப்பார். சில சுற்றுகளில் பேரிடர் வரும், சிலவற்றில் புதுக் கண்டுபிடிப்பு வரும். 1966இல் அடிஸ் இதைத் திருத்தி எழுதியபோது அரசவையினர் பேசிக்கொள்ளும் உரையாடல்களை ஒலிநாடாவில் பதிந்து, ஸ்லைடு படங்களோடு சேர்த்தார். கதைக்காக ஆட்டத்தைச் சற்று நிறுத்திக் காட்சி காட்டும் வழக்கம் பின்னாளில் பல கணினி விளையாட்டுகளில் வந்துவிட்டது. அதன் முதல் சுவடு ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியையுடையது.

ஆட்டம் மூன்று பகுதிகளாக இருந்தது. முதலாம் லுடுகாவின் காலம் முழுக்க வேளாண்மை. இரண்டாம் லுடுகா உபரித் தானியத்தைக் கைத்தொழில்களில் போட வேண்டும். மூன்றாம் லுடுகாவின் காலத்தில் வணிகமும் விரிவாக்கமும். தின்றது போக மிஞ்சினால்தான் ஊரில் ஒருவர் ஏரை விட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போக முடியும். தொழில் பெருகினால்தான் அண்டை நாட்டுக்கு அனுப்பச் சரக்கு இருக்கும். ஒரு நாகரிகம் எப்படி முளைக்கிறது என்பதை அடிஸ் மூன்று தலைமுறைகளாகப் பிரித்து, ஒன்றின் மிச்சத்தில் அடுத்தது நிற்குமாறு வைத்தார். இந்த அடுக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் காணாமல்போகப்போவது இதுதான்.

லகாஷைத் தேர்ந்தெடுத்தது பொருத்தம் என்று சொன்னால் போதாது. அந்த நாடு உண்மையிலேயே தானியக் கணக்கால் எழுதப்பட்ட நாடு. இன்றைய தெற்கு ஈராக்கில் தெல்லோ என்று அழைக்கப்படும் மேடுதான் லகாஷ் அரசின் கிர்சு நகரம். 1877இல் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே தோண்டத் தொடங்கினார்கள். பிறகு அந்த மண்ணிலிருந்து களிமண் பலகைகள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. பெரும்பாலானவை கணக்கு: கோயில் நிலத்தில் விளைந்த வாற்கோதுமை, வேலை செய்த ஆணுக்கும் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் அளந்த படி, விதைக்கு ஒதுக்கியது. ஆப்பெழுத்தே இத்தகைய கணக்குக்காக உருவானதுதான். காரியக்காரர் வந்து அரசனிடம் இருப்பைச் சொல்லும் அடிஸின் காட்சி, அந்தப் பலகைகளுக்கு வாய் கொடுத்ததற்குச் சமம்.

லகாஷ் போரே அறியாத ஊர் அல்ல. பக்கத்து உம்மா நகரத்தோடு வயல் எல்லைக்காகப் பல தலைமுறைகள் சண்டையிட்டது. கி.மு. 2450 வாக்கில் லகாஷ் அரசன் எயன்னாட்டும் வெட்டிவைத்த வெற்றிக்கல்லில் கழுகுகள் மனிதத் தலைகளைத் தூக்கிக்கொண்டு பறக்கின்றன. ஆனால் அவனுக்குப் பின்வந்த என்மெதேனா ஒரு களிமண் கூம்பில் அந்தச் சண்டையின் வரலாற்றை எழுதியபோது, உம்மா அந்த வயலுக்காகக் கொடுக்க வேண்டிய வாற்கோதுமைக் கடனையும் அதன்மேல் ஏறிய வட்டியையும் குறித்துவைத்தான். போரின் வேரைத் தேடிப் போனால் அங்கேயும் களஞ்சியம்தான் நிற்கிறது. அதனால் களஞ்சியத்தில் தொடங்கியது வரலாற்றின் கொடுமைகளிலிருந்து ஒதுங்கிப் போவதாகாது. வரலாற்றை இன்னும் ஆழத்தில் போய்ப் பிடிப்பது.

வாரியத்தின் ஆய்வுத்திட்டம் 1967இல் முடிந்தது. நிதி நின்றதும் விளையாட்டும் நின்றது. பெருங்கணினியையும் ஸ்லைடுகளையும் ஒலிநாடாவையும் நம்பியிருந்த ஒன்று வேறு ஊருக்குப் போக வழியே இல்லை. அது போனது, காதால் கேட்ட செய்தியாக.

1968இல் டக் டைமென்ட் என்ற நிரலாளர் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் கல்வியில் கணினி பற்றிப் பேசினார். அவர் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் வேலைபார்த்தவர். பேச்சு முடிந்ததும் ஒரு பெண் அவரிடம் வந்து, தான் எப்போதோ பார்த்த சுமேரிய விளையாட்டைப் பற்றி விவரித்தார். டைமென்ட் மூலத்தைப் பார்த்தவர் இல்லை. கேட்டதை வைத்து, தன் நிறுவனத்தின் பிடிபி-8 சிறுகணினிக்காக ஃபோகல் என்ற மொழியில் ஒரு விளையாட்டு எழுதினார். அந்த இயந்திரத்தின் நினைவகம் 4K மட்டுமே. கைத்தொழில் போயிற்று. வணிகம் போயிற்று. மூன்று லுடுகாக்களும் போனார்கள். முதல் பகுதியின் தானியக் கணக்கு மட்டும் மிஞ்சியது. அரசனுக்கு ஹம்முராபி என்று பெயர் வந்தது. ஹம்முராபி பாபிலோனின் மன்னன், கி.மு. 18ஆம் நூற்றாண்டுக்காரன், அடிஸின் லுடுகாவுக்கும் அவனுக்கும் இடையே ஆயிரத்தெழுநூறு ஆண்டுகள். பள்ளிப் புத்தகத்தில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் அவனுடையது என்பதால் அந்த மாற்றம் நிலைத்துவிட்டது.

அதே நிறுவனத்தின் டேவிட் ஆல் இதை பேசிக் மொழிக்கு மாற்றி, 1973இல் நிறுவனம் வெளியிட்ட ‘101 பேசிக் கம்ப்யூட்டர் கேம்ஸ்’ தொகுப்பில் சேர்த்தார். 1978இல் அந்தப் புத்தகம் வீட்டுக் கணினிகளுக்காகப் புதுப்பிக்கப்பட்டது. கணினி பற்றிய நூல்களில் முதன்முதலாகப் பத்து லட்சம் பிரதிகள் விற்றது அதுதான். விளையாட்டு இப்போது புத்தகத்தின் பக்கத்தில் அச்சான நிரல். வாங்கியவர் அதை எழுத்தெழுத்தாகத் தன் கணினியில் தட்டிச் சேர்த்து ஓடவைக்க வேண்டும். தட்டும்போதே ஆட்டத்தின் விதிகளும் புரிந்துபோகும்; பிடிக்காத விதியை மாற்றலாம். இன்றைக்கு வரும் பெரும்பாலான விளையாட்டுகள் ஆடுபவருக்கு இந்த உரிமையைத் தருவதில்லை. ‘ஹமுராபி’ என்ற பெயரில் இந்த விளையாட்டு உலகம் முழுக்கக் கிளை விட்டதற்கு இதுவே காரணம் என்பேன்.

அந்த நிரலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். முதல் ஆண்டில் ஊரில் 100 பேர், 1000 ஏக்கர் நிலம், களஞ்சியத்தில் 2800 புஷல் தானியம். ஆளுக்கு ஆண்டுச் சோறு 20 புஷல். ஒரு ஏக்கர் விதைக்க அரை புஷல். ஒருவர் 10 ஏக்கர்தான் உழ முடியும். எல்லோருக்கும் சோறு போட்டால் 2000 போகும். எல்லா நிலத்தையும் விதைத்தால் 500 போகும். கையில் நிற்பது 300. நிலம் வாங்கலாம், விற்கலாம். ஏக்கர் விலை ஆண்டுக்கு ஆண்டு 17 முதல் 26 புஷல்வரை ஏறி இறங்கும். ஏக்கருக்கு விளைச்சல் 1 முதல் 5 புஷல்வரை எதுவும் ஆகலாம்.

விளைச்சல் 1 என்று விழுந்ததாக வைத்துக்கொள்வோம். 1000 புஷல் வரும், பழைய 300 சேர்ந்து 1300. நூறு பேருக்கு 2000 வேண்டும். இருப்பதை முழுக்கக் கொடுத்தாலும் 65 பேர்தான் பிழைப்பார்கள், விதைக்கு ஒரு மணி இருக்காது. விதையை ஒதுக்கினால் இன்னும் சிலர் சாக வேண்டும். ஒரே ஆண்டில் நூற்றுக்கு 45 பேருக்கு மேல் பட்டினியில் செத்தால் அரசன் அந்த இடத்திலேயே பதவி இழப்பான். தப்பிக்க ஒரே வழி நிலத்தை விற்பது. ஐம்பது ஏக்கரை 20 புஷலுக்கு விற்றால் ஆயிரம் கிடைக்கும். உயிர்கள் நிற்கும், ஆனால் அடுத்த ஆண்டு விதைக்க மண் குறையும்.

விதையும் சோறும் ஒரே களஞ்சியத்தில் கிடப்பதுதான் இந்த ஆட்டத்தின் உயிர். வந்த அடியவருக்கு அமுது படைக்க வீட்டில் ஏதுமில்லாமல், மழை இரவில் போய் விதைத்த நெல் முளையை வாரிவந்த இளையான்குடி மாற நாயனாரின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு, விதைநெல்லில் கை வைப்பதன் கனத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எலிகள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிரலைப் படித்தால்தான் இது தெரியும்: ஐந்தாண்டுக்கு இரண்டு முறை என்ற வாய்ப்பில் எலி வரும், வந்தால் இருப்பில் பாதியையோ காலையோ தின்றுவிடும். தின்பது, விதைப்புக்குப் பின் களஞ்சியத்தில் மிஞ்சிக் கிடக்கும் பழைய தானியத்தை மட்டும்தான். அந்த ஆண்டின் புது விளைச்சலைத் தொடாது. அதனால் நிறையச் சேர்த்துவைப்பவனுக்கே நிறைய இழப்பு. நிலமாக மாற்றிவைத்த தானியத்தை எலி தின்னாது. மலிந்த விலையில் நிலம் வாங்கிவைத்து, பஞ்சத்தில் விற்பதே நல்ல காப்பு என்று ஆடுபவர் சில ஆண்டுகளில் தானாகக் கண்டுகொள்கிறார். சில வரி நிரலுக்குள் சேமிப்பு, முதலீடு, பணப்புழக்கம் மூன்றும் வந்துவிட்டன. இதற்கு மேல் கொள்ளைநோய் வேறு. வந்தால் பாதி ஊர் போய்விடும். ஊர் நன்றாக இருந்தால் வெளியூர்க்காரர்கள் குடியேறுவார்கள். வாய்கள் கூடும், ஆளுக்கு விழும் நிலம் குறையும். வளமே நெருக்கடியாகும்.

பத்தாண்டு ஆட்சி முடிந்ததும் மதிப்பீடு. இது ஆல் சேர்த்தது. ஆண்டுக்குச் சராசரியாக எத்தனை சதவீதம் பேர் பட்டினியில் செத்தார்கள், ஆளுக்கு எத்தனை ஏக்கர் மிஞ்சியது என்ற இரண்டை வைத்து அரசனுக்குத் தரம் போடுகிறது நிரல். மோசமாக ஆண்டால் நீரோவோடும் ரஷ்யாவின் நான்காம் இவானோடும் ஒப்பிடும். நன்றாக ஆண்டால் ஷார்லமேன், டிஸ்ரேலி, ஜெஃபர்சன் மூவரும் சேர்ந்தாலும் இதைவிடச் சிறப்பாக ஆண்டிருக்க முடியாது என்று பாராட்டும். எனக்கு இதில் இரண்டு வருத்தங்கள். கிரேக்கத்துக்கு முந்தையவர்களைப் பாடத்துக்குள் கொண்டுவரத் தொடங்கிய விளையாட்டு, கடைசியில் மெசொப்பொத்தாமிய அரசனை ஐரோப்பிய, அமெரிக்க ஆட்சியாளர்களின் அளவுகோலால் அளக்கிறது. இரண்டாவது, நூற்றுக்கு மூன்று பேர் ஆண்டுதோறும் சோறின்றிச் செத்தாலும் உச்சப் பாராட்டு கிடைத்துவிடும். பட்டினிச் சாவு ஒரு சதவீதக் கணக்காகச் சுருங்கினால் என்ன ஆகும் என்பதை, எழுதியவர் நினைக்காமலே, இந்த நிரல் காட்டிவிடுகிறது.

தட்டிச் சேர்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1978 டிசம்பரில் சாஃப்ட்சைடு இதழில் ஜார்ஜ் பிளாங்க் டிஆர்எஸ்-80 கணினிக்காக ‘சாண்டா பராவியா அண்ட் ஃபியுமாச்சோ’ என்ற விளையாட்டை வெளியிட்டார். களஞ்சியம் இப்போது 15ஆம் நூற்றாண்டு இத்தாலியின் நகர அரசுகளில். ஆறு பேர்வரை மாறிமாறி ஆடலாம். சுங்கம், விற்பனை வரி, நீதி எவ்வளவு கடுமை என்று எல்லாவற்றையும் ஆடுபவரே தீர்மானிக்க வேண்டும். சந்தை, கம்பளி ஆலை, அரண்மனை, தேவாலயம் கட்டலாம். பட்டம் ஏறி ஏறி மன்னராக முடிசூடினால் வெற்றி. அடிஸின் இரண்டாம், மூன்றாம் பகுதிகளை அறியாத ஒருவர், உபரியிலிருந்து ஆலைக்கும் சந்தைக்கும் போகும் அதே பாதையை மறுபடி வெட்டியிருக்கிறார். ஒவ்வொரு ஆண்டின் தொடக்கத்திலும் எலி எத்தனை சதவீதம் தின்றது என்ற வரியும் தவறாமல் வருகிறது. மெசொப்பொத்தாமிய எலிகள் இத்தாலிவரை வந்துவிட்டன. ஒரு நல்ல விதியையும் பிளாங்க் சேர்த்தார்: இருப்பில் ஐந்தில் ஒரு பங்கையாவது வெளியே விட வேண்டும், ஐந்தில் ஒரு பங்கையாவது வைத்திருக்க வேண்டும். முழுப் பதுக்கலுக்கும் முழு வாரியிறைப்புக்கும் அரசனுக்கு உரிமை இல்லை.

இங்கிலாந்தில் 1980களின் தொடக்கத்தில் பிபிசி மைக்ரோ கணினியோடு கொடுத்த ஒலிநாடாவில் ‘யெல்லோ ரிவர் கிங்டம்’ இருந்தது. மூன்று கிராமங்கள், ஒரு மஞ்சள் ஆறு. இருக்கும் ஆட்களில் கரையைக் காக்க எத்தனை பேர், வயலுக்கு எத்தனை பேர், திருடர்களைத் தடுக்க எத்தனை பேர் என்று பருவந்தோறும் பிரித்துவிட வேண்டும். கரையில் ஆள் குறைந்தால் வெள்ளம் ஊருக்குள் வரும். தானியத்தின் இடத்தில் மனித உழைப்பு பங்கிடப்படுகிறது, கேள்வி அதே கேள்வி.

இந்த இடத்தில் ஒரு திருப்பத்தைக் கவனிக்கலாம். ஹமுராபியில் வரைபடம் இல்லை. அதன் ஊருக்கு அண்டை நாடு இல்லை. சாண்டா பராவியாவில் பல அரசர்கள் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். உடனே, நிலத்துக்கேற்ற படை இல்லாதவரின் நிலத்தை அடுத்தவர் பிடித்துக்கொள்ளும் விதியும் வந்துவிடுகிறது. 1991இல் சிட் மையரின் ‘சிவிலைசேஷன்’ வந்தபோது உலகமே வரைபடமாக விரிந்தது. அதிலும் ஒவ்வொரு நகரத்துக்கும் உணவுப் பெட்டி உண்டு. ஒவ்வொரு குடியும் சுற்றுக்கு இரண்டு உணவு தின்னும். தானியக் கிடங்கு கட்டலாம். யாரையும் அழிக்காமல் விண்கலம் ஏவியும் வெல்லலாம். இருந்தாலும் ஆடுபவரின் கண் எல்லைக்கோட்டில்தான் நிற்கும். இடம் கண்ணுக்குத் தெரிந்தால் அதைப் பிடிக்கத் தோன்றுகிறது. வரலாற்று விளையாட்டு என்றாலே போர் விளையாட்டு என்று பலர் நினைப்பதற்கு வரலாற்றின் இயல்பைவிட வரைபடத்தின் இயல்பே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

களஞ்சியத்தின் வழியில் நின்றவர்களும் உண்டு. கிளாரஸ் விக்டோரியா என்ற குழு 2016இல் ‘ப்ரீடைனாஸ்டிக் ஈஜிப்ட்’, 2018இல் ‘ஈஜிப்ட்: ஓல்ட் கிங்டம்’ என்று சுற்று முறையில் ஆடும் இரண்டு விளையாட்டுகளை எகிப்தியல் அறிஞர்களோடு சேர்ந்து உருவாக்கியது. சண்டை அவற்றில் இல்லாமல் இல்லை. ஆனால் நேரமெல்லாம் போவது வேலையாட்களை எந்த வயலில், எந்தக் கல்லறைப் பணியில் வைப்பது என்பதில்தான்.

மேபல் அடிஸ் 2004இல் மறைந்தார். விளையாட்டை உருவாக்குவோரின் உலகம் அவரைக் கண்டுபிடிக்கத் தாமதமாயிற்று. 2023இல்தான் கேம் டெவலப்பர்ஸ் சாய்ஸ் விருது விழாவில் முன்னோடி விருது அவர் பெயருக்கு வழங்கப்பட்டது. அவர் எழுதிய விளையாட்டின் நிரல் தொலைந்துவிட்டது. ஸ்லைடுகளும் மூன்று ஆட்டங்களின் அச்சுத்தாள்களும் மட்டும் ரோச்செஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் விளையாட்டு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2024இல் ஒரு மீட்டுருவாக்கமும் வெளிவந்தது.

ஹமுராபியை இன்றும் எந்தக் கணினியிலும் தட்டி ஓடவைக்கலாம். ஏறத்தாழ நூற்றிருபது வரிதான். 20, 10, அரை என்ற எண்களை மாற்றினாலே வேறு மண், வேறு பயிர், வேறு காலம். ஆனால் பலரும் நகலெடுத்தது முதலாம் லுடுகாவின் ஆட்சியை மட்டும்தான். களஞ்சியம் நிரம்பிய பிறகு ஏரை விட்டு எழுந்த முதல் ஆளுக்கு எந்தத் தொழிலைக் கொடுப்பது என்று கேட்கும் இரண்டாம் லுடுகாவின் பகுதியை, அதே எளிமையோடு, யார் வேண்டுமானாலும் தட்டிப் பார்க்கும் வடிவில் எழுத இன்னும் இடம் இருக்கிறது.